முள் எடுத்த பேச்சு

அடுத்தவர் தட்டில் கிடக்கும் மீனுக்கு அவர் முள் எடுப்பார். கேட்டுவிட்டு எடுப்பதில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வலது கை விரல்களால் மீனின் முதுகைப் பிளந்து, நடுமுள்ளை வாலோடு தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, தட்டைத் திருப்பித் தள்ளுவார். குழந்தைகளுக்கு அல்ல, வளர்ந்தவர்களுக்கு. சூடை மீனை வாய்க்குள்ளேயே பிரித்து முள்ளைத் துப்பத் தெரிந்த மன்னார்க் கரை ஆட்களுக்கும் இதுதான் நடக்கும். எங்களோடு வேலை செய்த கேதீஸ் ஒருநாள் தட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"அக்கா, நான் முருங்கன் வயல்காரன்தான். அதுக்காக மீன் தின்னத் தெரியாதவன் எண்டு நினைச்சுப் போட்டீங்களோ?"

"தெரியும் தம்பி. ஆனா முள்ளை எடுத்துப்போட்டுக் குடுத்தா ஆரும் சாப்பிடுவினம். முள்ளோட குடுத்தா ரெண்டாந்தரம் பந்தியில குந்தமாட்டினம்."

சொல்லிக்கொண்டே தட்டை உருவி எடுத்துவிட்டார்.

வயதில் மூத்தவர்களில் பலரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தோட்டவெளியில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் குடும்பம் கரையோரமாகத் தெற்கே போய், ஒரே வீட்டுக்குள் சிங்களமும் தமிழும் பேசப்படும் ஒரு கத்தோலிக்க மீனவ ஊரில் தங்கியது. அங்கே வளர்ந்ததால் எந்த மொழியில் கனவு காண்கிறார் என்று அவருக்கே தெரியாது என்பார். போர் முடிந்து பாதை திறந்ததும் திரும்பி வந்தார். அப்போது திரும்பி வந்தவர்கள் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுத்தார்கள். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், எந்தக் காவலரணில் நின்றாலும், இடையில் நின்று பேச ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள் பெரும்பாலும் அக்காவாக இருந்தார்.

நான் அவரை முதலில் கவனித்ததே அப்படி ஓரிடத்தில்தான். மன்னாரிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். முசலிப் பக்கத்துக் கரையில், புதிதாகக் குடியேறிய ஒரு மீனவ ஊரின் காவலரண் வாசலில் சந்தியோகு என்பவர் பாஸுக்காகப் பல நாளாக அலைந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய, குறைவாகப் பேசும் மனிதர். அன்று பொறுமை போய்விட்டது.

"இவங்கட அப்பன் வீட்டுக் கடலோ எண்டு கேள் பிள்ளை."

அக்கா நேவிக்காரனைப் பார்த்துச் சிரித்தபடி சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவன் முகத்தில் மாற்றமில்லை. நறுக்கென்று ஒரு வரி சொன்னான்.

"என்னவாம்?" என்றார் சந்தியோகு.

"கடல் குழம்பிக் கிடக்குதாம். கவனமாப் போயிட்டு வரட்டாம்."

சந்தியோகு அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். சற்று நேரத்தில் பாஸ் கிடைத்தது. திரும்பும் வழியில், இருவரும் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அதை விடுங்கோ தம்பி. பாஸ் கிடைச்சுதோ இல்லையோ?"

கிடைத்திருந்தது. அன்று அந்தப் பதிலில் குறை காண எதுவும் இருக்கவில்லை.

பிறகு அக்காவோடும் கேதீஸோடும் நானும் சேர்ந்துகொண்டேன். தோட்டவெளிப் பங்குக் கோயில் மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் செய்த வேலை இதுதான். கடலுக்குப் போகிறவர் புறப்படும்போது கைத்தொலைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்: எந்த இடத்துக்குப் போகிறேன், எப்போது திரும்புவேன். மீனவர் சங்கத்தின் கணினி அதைப் பதிந்துகொள்ளும். சொன்ன நேரத்துக்குப் படகு திரும்பாவிட்டால் சங்கச் செயலாளருக்கு எச்சரிக்கை போகும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்றும் காட்டும். கணினி நிரலை எழுதியவன் கேதீஸ். அதில் வரும் தமிழை எழுதியது நான். ஊர்களோடும் சங்கங்களோடும் பேசியது அக்கா. நிரலை நாங்கள் ஒளித்துவைக்கவில்லை. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திரும்பத் தரலாம் என்று இணையத்தில் வைத்திருந்தோம். திறந்த மூல மென்பொருள் என்பது அதுதான்.

அதே காலத்தில் அக்கா வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் சில சிங்கள இளைஞர்கள் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். காற்று மாறப்போவதைக் கணித்து மீனவர்களுக்கு முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பும் நிரல். அதுவும் திறந்த மூலம். அவர்களிடம் காற்று இருந்தது, எங்களிடம் படகு இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பொருள். இதை முதலில் கண்டவர் அக்காதான். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைத்ததும் அவர்தான். அந்தப் பெருமையில் ஒரு துளியையும் நான் குறைக்கப்போவதில்லை.

சேர்வது சுலபமாக இருக்கவில்லை. அவர்கள் அனுப்பிய முதல் பகுதியைப் பார்த்துவிட்டுக் கேதீஸ் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அக்கா, எழுதுங்கோ. விதைச்ச வயலுக்க எருமையை விட்டமாதிரிக் கிடக்குது உங்கட நிரல் எண்டு எழுதுங்கோ."

"எழுதுறன்."

"எருமை எண்ட சொல்லு கட்டாயம் வரவேணும்."

"வரும் தம்பி, வரும்."

இரண்டு நாளில் பதில் வந்தது. மிகவும் பணிவான பதில். குறைகளைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருத்திவிட்டோம் என்று இருந்தது. கேதீஸ் வெட்கப்பட்டுப்போனான். "நல்ல பொடியள்தான் போல. எருமை எண்டு சொல்லியும் கோவிக்கேல்லைப் பாருங்கோ," என்றான். அக்கா திரையைப் பார்த்தபடி சிரித்தார். எருமை மன்னார்ப் பாலத்தைத் தாண்டவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். கேதீஸுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு வேலை பிரிந்தது. நிரல் பற்றிய ஆங்கில மடல்களைக் கேதீஸ் பார்ப்பான். என்ன செய்வது, எப்படிச் சேர்வது, யாருக்கு என்ன உரிமை என்ற மடல்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தன. அவற்றை அக்கா படித்து எங்களுக்குச் சாரம் சொல்வார். கிழமைக்கு ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, சேலைத் தலைப்பைத் தோளில் சுற்றிக்கொண்டு சொல்வார். எல்லாச் சாரமும் நல்லதாகவே இருந்தது.

தேடுவதற்கு இடம் தெரிய வேண்டும். ஆகவே மீன் பிடிக்கும் இடங்களைக் கேட்டு அக்கா சந்தியோகுவின் ஊருக்குப் போனார். நானும் கேதீஸும் கூடப் போனோம். கூரையில்லாத கோயிலுக்குள் சங்கம் கூடியிருந்தது. அக்கா அரைமணி நேரம் நன்றாகப் பேசினார். கடைசியில், "என்ன, எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப சந்தோசம்," என்று கைகூப்பினார்.

வெளியே சந்தியோகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அவவுக்குச் சொல்லும். இஞ்ச ஒருத்தரும் பேசேல்லை எண்டால் மாட்டம் எண்டு அர்த்தம். விருப்பமெண்டால் நாங்கள் சத்தம் போடுவம். விருப்பமில்லாட்டித்தான் பேசாமல் இருப்பம்."

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய் அவரோடு பேசினார். சந்தியோகுவின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. கடலடியில் கல்மேடாக இருக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். அவருக்கு ஒரு பார் இருந்தது. தகப்பன் காட்டியது. கோயில் முகப்பையும் கரையில் நின்ற ஒற்றைப் பனையையும் ஒரு கோட்டில் பிடித்து, வேறொரு பக்கத்தில் இன்னொரு கோடு பிடித்தால் அந்த இடம் வரும். போருக்குப் பிறகு, இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாமில் அவர் இருந்த காலமெல்லாம், மறந்துவிடாமல் இருக்க, இரவுச் செபம்போல அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்தபோது கோயிலுக்கு முகப்பு இல்லை, பனைக்குத் தலை இல்லை. ஒரு பருவம் முழுக்க அலைந்து மறுபடி கண்டுபிடித்தார். பாஸ் அனுமதித்த எல்லைக்குள், அவருடைய சின்னப் படகு போகக்கூடிய தூரத்தில், அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பார்தான். அங்கே கூடு இறக்கி மீன் எடுத்துத்தான் குடும்பம் சாப்பிட்டது.

"சொல்லாமல் போய்ச் செத்தா ஆரும் தேடி வரமாட்டினம். சொன்னா எல்லாரும் வந்திடுவினம்," என்றார். "இதுக்கு நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"செயலாளருக்கு மட்டும்தான் தெரியும் அண்ணை. அதுவும் படகு திரும்பி வராட்டி மட்டும்தான் திறக்கும். மற்ற நேரம் பூட்டு."

"தெற்கில இருக்கிறவைக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அந்தோனியார் அறியச் சொல்லுறன்."

மறுவாரம் சந்தியோகு எங்களைப் படகில் ஏற்றிப் போனார். கேதீஸ் இடத்தைக் குறிக்கும் கருவியை ஒரு கையிலும் வயிற்றை மறுகையிலும் பிடித்திருந்தான். பாரை அடைவதற்குள் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். "வயல்காரனுக்குத் தண்ணி முழங்காலுக்கு மேல வரக்கூடாது," என்றார் சந்தியோகு. அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அவர் கொடுத்ததைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் தங்கள் இடங்களைக் கொடுத்தார்கள்.

தெற்குக் கூட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா தொலைபேசியில் அவர்களோடு பேசிவிட்டு என்னிடம் சொன்னார்: "'மன்னார் மீனவர்களின் இரகசியம் எங்களுடைய இரகசியமும்தான்' எண்டு சொல்லுகினம்." நல்ல வாக்கியம். மேற்கோள் குறிக்குள் போட்டேன். ஆசிரியர் அதையே தலைப்பாக்கினார்.

இரண்டு நிரல்களையும் பொருத்தும் கடைசி வேலை தெற்கில் நடந்தது. அப்போது கேதீஸ் ஒன்றைக் கண்டான். அவன் எழுதிய பூட்டுப் பகுதி இருந்த இடத்தில் இல்லை.

"அக்கா, பூட்டைக் கழட்டிப் போட்டாங்கள் போலக் கிடக்குது."

"கேட்டனான் தம்பி. வேற இடத்தில, இன்னும் பலமாப் போடுகினமாம்."

கேதீஸ் தலையாட்டினான். அவர் ஒருபோதும் எங்களுக்குக் கெட்ட சேதி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நாங்கள் சந்தேகப்படப் பழகியிருப்போம்.

கூட்டு நிரல் வெளியாகி ஒரு மாதம் கழித்துத் தெற்கிலிருந்து சமிந்த வந்தான். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், மெலிந்த உடம்பு, கையில் ஒரு பெரிய கேக் பெட்டி. பாலத்தடியில் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற கழுதைகளைப் படம் எடுத்ததில் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டான். பங்கு மண்டபத்தில் விருந்து. சந்தியோகுவும் சங்கத்தில் சிலரும் வந்திருந்தார்கள். அக்கா சமிந்தவுக்கும் சந்தியோகுவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். சமிந்த கேட்காமலே அவனுடைய தட்டை இழுத்து ஓரா மீனுக்கு முள் எடுக்கத் தொடங்கினார்.

சமிந்த எழுந்து நின்று சிங்களத்தில் பேசினான். சந்தியோகுவைப் பார்த்துப் பேசினான். அக்கா கையில் மீனோடு மொழிபெயர்த்தார்:

"தன்ர தகப்பனும் கடலிலதான் காணாமல் போனவராம். அண்ணை செய்த உதவியைத் தாங்கள் மறக்கமாட்டினமாம்."

சந்தியோகு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை உயர்த்தி, சமிந்தவிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார். சிங்களத்தில். தடுமாற்றமில்லாத சிங்களத்தில்.

மண்டபத்தில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அக்காவின் விரல்கள் மீன்மேல் நின்றன. சமிந்த மகிழ்ச்சியோடு பதில் சொன்னான். சந்தியோகு இன்னொன்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது, கொஞ்சம் தயக்கத்தோடு. சந்தியோகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லுறன், கேளுங்கோ. முதல் இந்தத் தம்பி சொன்னது: 'அண்ணை தன்ர இடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கிறார். என்ர அப்பாவின்ர காலத்தில இப்பிடி ஒருத்தர் திறந்திருந்தால் எங்களுக்கு உடம்பாவது கிடைச்சிருக்கும்.' நான் கேட்டது: 'எல்லாருக்கும் எண்டால் ஆருக்கு?' அவர் சொன்னது: 'எவருக்கும். உலகத்தில எவருக்கும்.' நான் கேட்டது: 'நான் ஓம் எண்டு ஆர் சொன்னது?' அவர் சொன்னது: 'அக்கா.'"

ஒரு சொல்லையும் விடாத மொழிபெயர்ப்பு. அந்த மண்டபத்தில் அப்படி ஒன்றை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம்.

கேதீஸ் ஆங்கிலத்தில் சமிந்தவைப் பிடித்தான். விஷயம் மெல்ல வெளியே வந்தது. தெற்குக் கூட்டத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: எந்தப் பூட்டும் இருக்கக்கூடாது. தொலைந்த படகுக்கு மிக அருகில் இருப்பவன் எந்த ஊரானாலும் அவனால் தேட முடிய வேண்டும். அது தகப்பனைக் கடலில் தொலைத்த ஒருவனின் நிபந்தனை. பூட்டு இருந்தால் சேரமாட்டோம் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மன்னார் ஒத்துக்கொண்டது என்று அக்கா சொல்லியிருக்கிறார். பிறகும் முறைப்படி யோசனையைக் கூட்டு மடற்குழுவில் வைத்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். திறந்த மூலக் கூட்டங்கள் பலவற்றில் உள்ள வழக்கம் அது. மடல் சிங்களத்தில் இருந்தது. மன்னாரிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

"நீங்கள் பேசவில்லையே," என்றான் சமிந்த. "பேசாமல் இருந்தால் சம்மதம்தானே?"

கேதீஸ் அதைத் தமிழில் சொன்னதும் சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

சமிந்தவிடம் நான் ஒன்று கேட்டேன்: இரகசியம் பற்றிய அந்த வாக்கியம். கேதீஸ் மொழிபெயர்த்தான். சமிந்த அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "அழகாக இருக்கிறது. யார் சொன்னது?" என்றான்.

அக்கா எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார். நானும் கேதீஸும் பின்னால் போனோம். அவர் அழவில்லை. தட்டுகளைக் கழுவினார்.

"ஏன் அக்கா?"

"ரெண்டு பேரும் சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தா, முதல் நாளே ரெண்டு பேரும் எழும்பிப் போயிருப்பினம். ஒண்டா இருந்து பழகட்டும், பழகினாப்பிறகு ஆளுக்காள் விட்டுக்குடுப்பினம் எண்டு பாத்தன்."

"விட்டுக்குடுக்கிறது எங்களுக்கு உரியதெல்லோ? நீங்களே எடுத்துக் குடுத்திட்டீங்கள்," என்றான் கேதீஸ்.

"இப்ப என்ன தம்பி நடந்தது? அந்தப் பிள்ளை கேக்கோட வந்து நிக்குது. சந்தியோகு அண்ணை அந்தப் பிள்ளையோட வாய்திறந்து கதைக்கிறார். நான் நினைச்சது நடந்திருக்குதோ இல்லையோ?"

அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார். அதுதான் என்னை அன்று அச்சப்படுத்தியது. பொய்யனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். அக்காவின் கையில் முள் மட்டும்தான் மிஞ்சியது. மீன் தன்னிடம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

"அந்தோனியார் அறியச் சொன்னீங்களே," என்றேன்.

கழுவிய தட்டை மறுபடி கழுவினார்.

சமிந்த அன்றிரவே இணையத்தில் திறந்து கிடந்த இடங்களை நீக்கினான். ஆனால் திறந்துவிட்ட நிரலைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஒரு மாதத்தில் யார் யார் பிரதி எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எடுத்தவர்கள் எல்லோரும் முறைப்படியே எடுத்திருந்தார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும், இரவில் பாருக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. பெரிய இயந்திரப் படகுகள். முதுகில் காற்றுக் குடுவைகளோடு ஆட்கள் இறங்கிக் கடலட்டையையும் சங்கையும் அள்ளினார்கள். எந்த ஊர்ப் படகுகள் என்று விசாரித்தேன். சமிந்தவின் கரையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றில் தமிழர்களும் இருந்தார்கள். சந்தியோகு விடியப் போனபோது அவருடைய கூடுகளின் கயிறுகள் அறுந்திருந்தன. கூடுகள் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவர் கடலுக்குப் போவதை நிறுத்தி, முருங்கனில் நெல் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார்.

அங்கே போய் அவரைப் பார்த்தேன். சிங்களம் தெரியும் என்று ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெரியும் எண்டால், எங்க படிச்சனி எண்டு கேப்பினம். முகாமில படிச்சதெண்டு சொல்லவேணும். பிறகு அந்தக் கதை."

"அப்ப அண்டைக்குக் காவலரணில…"

"ஓம். நேவிக்காரன் சொன்னதும் விளங்கினது. அவ எனக்குச் சொன்னதும் விளங்கினது." மூட்டைமேல் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "அவ பொய் சொன்னவ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. ஆனா அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னவ எண்டு நினைச்சன். அதாலதான் பாரைக் குடுத்தனான்."

நான் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்காமலே நினைவில் நின்ற ஒரு சில வாக்கியங்களில் அது ஒன்று.

கூட்டு வேலை செத்துப்போகவில்லை. இது வாசகருக்கு வியப்பாக இருக்கலாம், எனக்கும் இருந்தது. கேதீஸும் சமிந்தவும் பல மாதம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இடம் பூட்டியே இருக்கும். படகு திரும்பாவிட்டால் அந்தப் பக்கம் நிற்கும் எல்லாப் படகுகளுக்கும் திறக்கும். இரண்டு பேரும் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்த வழி. தொடக்கத்திலேயே இரண்டு நிபந்தனைகளையும் அருகருகே வைத்திருந்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். கூட்டு விதிகளில் ஒன்றை மாற்றினார்கள்: மௌனம் சம்மதமல்ல, ஒவ்வொரு கூட்டமும் தன் வாயால், தன் மொழியில் ஓம் சொல்ல வேண்டும். சமிந்த இப்போதும் சந்தியோகுவோடு தொலைபேசியில் பேசுகிறான். சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் "மல்லி" என்று அவர் கூப்பிடும்போது அருகில் இருந்து கேட்டிருக்கிறேன். அக்கா கனவு கண்ட உறவு அப்படியே நடக்கிறது. அதில் அக்கா மட்டும் இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு முருங்கன் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். கொஞ்சம் பருத்திருந்தார். வவுனியாவில் ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாராம். இரு இன மக்களும் சந்திக்கும் கூட்டங்களுக்கெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார். "என்ர கூட்டத்தில இண்டைவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லைத் தம்பி."

கேதீஸின் கலியாணம், தோட்டவெளியில் தண்ணீர் கசந்துபோனது, கோயிலுக்குப் புது முகப்பு வந்தது எல்லாம் பேசினோம். பஸ் வரும் நேரம் பார்த்துக் கேட்டார்:

"சந்தியோகு அண்ணை என்னைப் பற்றி ஏதும் கதைக்கிறவரோ?"

கதைத்திருந்தார். சென்ற மாதம்தான். எனக்கு இரண்டு வழி இருந்தது. பத்திரிகைக்காரனுக்கு ஒரு வழிதான் பழக்கம்.

"கதைச்சவர் அக்கா. 'நேவி பறிச்ச கடலைப் பிறகு திருப்பித் தந்தவங்கள், அவ குடுத்தது திரும்பி வராது. கண்டால் சொல்லும், செத்தவீட்டுக்கும் என்ர வாசல் மிதிக்க வேண்டாமெண்டு' எண்டார்."

அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கைப்பையின் வாரை இரண்டு விரலால் நீவினார், நீவினார். முகத்தில் ஏதோ ஒன்று இறுகிப் பிறகு தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்: நடுமுள் வாலோடு கழன்று வரும் கணத்தில்.

"வாசல் எண்டு சொன்னவரோ?" என்றார். "அப்ப கல்வீடு கட்டி முடிச்சிட்டார் போல. தகரக் கொட்டிலுக்க என்ன பாடுபட்ட மனிசன். சந்தோசம் தம்பி, சந்தோசம்."

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"நான் சுகம் விசாரிச்சனான் எண்டு சொல்லுங்கோ. என்ன? சொல்லுவீங்கள்தானே?"

நான் பேசாமல் நின்றேன். அக்கா சிரித்துத் தலையாட்டிவிட்டு, சம்மதம் கிடைத்தவராக உள்ளே ஏறினார்.